பெட்ரோல் விலை: லாபம் யாருக்கு, பொறுப்பு யாருக்கு?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



பெட்ரோல் பங்கில் நாம் எப்படிக் கேட்கிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? ஒரு காலத்தில் "ரெண்டு லிட்டர் போடுங்க" என்றோம். இன்று "இருநூறுக்குப் போடுங்க" என்கிறோம். லிட்டரைக் கேட்டால் எவ்வளவு காசு ஆகும் என்ற பயம் வந்துவிட்டது. அதனால் கையில் இருக்கும் காசைச் சொல்லிவிட்டு, எவ்வளவு விழுகிறதோ விழட்டும் என்று நிற்கிறோம். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞனுக்கும், மீன் கூடையைக் கட்டிக்கொண்டு மொபட்டில் போகிறவருக்கும் அந்த இருநூறு ரூபாய் என்பது அன்றைய கூலியில் ஒரு பங்கு.

இந்த விலை ஏன் இப்படி இருக்கிறது? இதில் யார் லாபம் பார்க்கிறார்கள்? மார்க்கம் இதைப் பற்றி ஏதாவது சொல்கிறதா?

மதீனாவில் விலை ஏறியபோது

பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவில் பொருட்களின் விலை உயர்ந்தது. மக்கள் வந்து, எங்களுக்காக விலையை நிர்ணயம் செய்யுங்கள் என்று கேட்டார்கள். நபியவர்கள் மறுத்துவிட்டார்கள். விலையை ஏற்றி இறக்குபவன் அல்லாஹ்தான், கொடுப்பவனும் சுருக்குபவனும் அவனே என்ற கருத்தைச் சொன்னார்கள். இந்த ஹதீஸை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இது பதிவாகியிருக்கிறது.

நம்மில் பலர் இந்த ஹதீஸை இத்தோடு நிறுத்திவிடுகிறோம். ஏழை விலை உயர்வைப் பற்றிப் புலம்பினால், எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்று வாயை அடைக்கிறோம். ஹதீஸ் அங்கே முடியவில்லை. உயிர் விஷயத்திலோ பொருள் விஷயத்திலோ நான் அநியாயம் செய்துவிட்டதாக உங்களில் யாரும் என்மீது வழக்குத் தொடுக்காத நிலையில் அல்லாஹ்வைச் சந்திக்கவே நான் ஆசைப்படுகிறேன் என்று நபியவர்கள் அதன் இறுதியில் சொன்னார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். விலை நிர்ணயத்தை நபியவர்கள் மறுத்ததற்குக் காரணமே, யாருக்கும் அநியாயம் நடந்துவிடக் கூடாது என்ற அச்சம்தான். மழை பொய்த்து, சரக்கு வராமல் விலை ஏறினால் அது இறைவனின் சோதனை. அங்கே வியாபாரியை நஷ்டத்துக்கு விற்கச் சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம். ஆனால் விலையை மனிதனின் கை தூக்கிப் பிடிக்கிறது என்றால்? அங்கேயும் இந்த ஹதீஸைச் சொல்லி அநியாயத்துக்குக் குடை பிடிக்க முடியுமா? முடியாது. ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூலான ஹிதாயா, பொதுவாக ஆட்சியாளர் விலை நிர்ணயம் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டு, விற்பவர்கள் வரம்பு கடந்து மக்களைக் கசக்கும்போது, மக்களின் உரிமையைக் காக்க வேறு வழியில்லை என்றால், விவரம் அறிந்தவர்களைக் கலந்து நிர்ணயம் செய்யலாம் என்கிறது. இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்களும் தமது ஹிஸ்பா நூலில் அநியாயமான விலை நிர்ணயம், நியாயமான விலை நிர்ணயம் என்று இரண்டாகப் பிரித்தே பேசுகிறார்கள்.

ஆக, முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த விலையில் இறைவனின் சோதனை எவ்வளவு, மனிதனின் கைவேலை எவ்வளவு?

ஒரு லிட்டரின் கணக்கு

நம் நாடு தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. உலகச் சந்தையில் பீப்பாய்க் கணக்கில், டாலரில் வாங்குகிறோம். ஒரு பீப்பாய் என்பது சுமார் 159 லிட்டர். கச்சா விலை ஏறினாலும், ரூபாயின் மதிப்பு சரிந்தாலும் நமக்குச் சுமை கூடும். இது ஒரு பகுதி.

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலர் வரை போனது. அப்போது டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 50 ரூபாயை ஒட்டி இருந்தது. 2021 ஜூலையில் கச்சா விலை அதில் பாதியளவுதான். ஆனால் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. இடைப்பட்ட காலத்தில் டாலர் 43 ரூபாயிலிருந்து 74 ரூபாய்க்குப் போனது உண்மை. 2008-இல் அரசு விலையை அடக்கி வைத்து, எண்ணெய் நிறுவனங்களுக்குக் கடன் பத்திரங்கள் கொடுத்துச் சமாளித்தது என்பதும் உண்மை. அந்தக் கடன் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அதைப் பின்னால் வந்தவர்கள் அடைக்க வேண்டியிருந்தது. நியாயமாகப் பேசுகிறவர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2014-இல் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய அரசின் கலால் வரி 9 ரூபாய் 48 காசு. 2020 மே மாதத்தில் அது 32 ரூபாய் 98 காசு. கொரோனா ஊரடங்கில் உலகமே முடங்கி, 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை ஒரு நாள் பூஜ்யத்துக்கும் கீழே போனது நினைவிருக்கும். உலகத்தில் விலை விழுந்த அதே மார்ச்சிலும் மே மாதத்திலும் இங்கே லிட்டருக்கு 13 ரூபாய் வரி கூட்டப்பட்டது. விலை இறங்கியதன் பலன் வண்டி ஓட்டுகிறவனின் பைக்கு வரவில்லை. 2021 நவம்பரில் 5 ரூபாயும், 2022 மே மாதத்தில் 8 ரூபாயும் குறைக்கப்பட்டன. 2025 ஏப்ரலில் மீண்டும் 2 ரூபாய் கூட்டப்பட்டது. இந்த வரியிலும் மாநிலங்களோடு பங்கிட்டுக்கொள்ளும் அடிப்படைக் கலால் வரி 2021-இல் 1 ரூபாய் 40 காசுதான். மற்றவை செஸ், கூடுதல் வரி என்ற பெயர்களில் மத்தியிலேயே நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரி. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 3 ரூபாய் குறைத்தது, ஆனாலும் அந்த வரி நிற்கிறது. பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவர மத்தியும் சரி, மாநிலங்களும் சரி, ஆர்வம் காட்டவில்லை.

எண்ணெய் நிறுவனங்கள்? 2022-இல் உக்ரைன் போரால் கச்சா விலை எகிறியபோது விலையை ஏற்றாமல் நமது பொதுத்துறை நிறுவனங்கள் முதல் ஆறு மாதம் நஷ்டப்பட்டன. பிறகு கச்சா விலை இறங்கியது. ரஷ்யாவிலிருந்து தள்ளுபடி விலையில் எண்ணெய் வந்தது. பங்கில் விலை இறங்கவில்லை. 2023-24 நிதியாண்டில் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 81,000 கோடி ரூபாய் லாபம் கண்டன. அந்த ஆண்டு முடியும் தறுவாயில், 2024 மார்ச்சில்தான் 2 ரூபாய் குறைந்தது. உலக அளவில் சவூதியின் அராம்கோ 2022-இல் மட்டும் 161 பில்லியன் டாலர் லாபம் ஈட்டியது. அமெரிக்காவின் எக்ஸான் மொபில் 55 பில்லியன் டாலருக்கு மேல்.

நாம் யார்மீது எரிந்து விழுகிறோம்? பங்கில் குழாயைப் பிடித்து நிற்கும் பையன்மீது. பங்க் முதலாளிக்கே லிட்டருக்குக் கிடைப்பது சில ரூபாய் கமிஷன்தான்.

லாபம் ஹராமா?

இல்லை. உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் நபியவர்கள் ஒரு தீனார் கொடுத்து ஓர் ஆடு வாங்கி வரச் சொன்னார்கள். அவர் அதில் இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார். நபியவர்கள் அவருடைய வியாபாரத்தில் பரக்கத்துக்காக துஆ செய்தார்கள். புகாரியில் வரும் செய்தி இது. லாபத்தின் அளவை வைத்து மட்டும் ஒன்றை அநியாயம் என்று சொல்ல முடியாது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், உர்வாவிடம் ஆடு வாங்கியவர் வேறு ஆட்டுக்காரரிடம் போயிருக்கலாம், வாங்காமலும் இருந்திருக்கலாம். பெட்ரோல் வாங்குகிறவன் எங்கே போவான்? எந்தப் பங்குக்குப் போனாலும் ஏறக்குறைய அதே விலை. வேண்டாம் என்றால் வேலைக்குப் போக முடியாது. அடுத்தவனின் நிர்ப்பந்தத்திலிருந்து எடுக்கும் லாபத்துக்கும், அவனுடைய விருப்பத்திலிருந்து வரும் லாபத்துக்கும் மார்க்கத்தின் பார்வையில் வித்தியாசம் உண்டு. பதுக்குகிறவன் பாவி என்ற முஸ்லிம் நூலின் ஹதீஸுக்கு உயிராக இருப்பதும் இந்த நிர்ப்பந்தம்தான்.

பூமியின் புதையல்

அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) என்ற நபித்தோழர், யமனில் மஃரிப் என்ற ஊரில் இருந்த உப்பளத்தைத் தமக்குத் தருமாறு கேட்டார். நபியவர்கள் கொடுத்துவிட்டார்கள். அவர் திரும்பிச் சென்றதும், சபையில் இருந்த ஒருவர், நீங்கள் கொடுத்தது வற்றாத நீரைப் போன்ற ஒன்று என்று எடுத்துச் சொன்னார். நபியவர்கள் உடனே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உழைப்பில்லாமல் எல்லோருக்கும் கிடைக்கும் பொதுவளம் ஒருவரின் கைக்குள் போகக் கூடாது என்பது இதிலிருந்து ஃபுகஹாக்கள் எடுத்த பாடம். தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற ஹதீஸும் இதையே காட்டுகிறது. சுரங்க வளம் ஆட்சியாளரின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது மாலிகி மத்ஹபின் நிலைப்பாடு. பொறுப்பு என்றால் மக்களுக்காகக் காப்பது. செல்வம் உங்களில் பணக்காரர்களுக்கிடையே மட்டும் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதை ஹஷ்ர் அத்தியாயத்தின் 7-ஆம் வசனம் ஒரு சட்டத்தின் காரணமாகவே சொல்கிறது. இந்த அளவுகோல் டெல்லிக்கும் பொருந்தும், ரியாத்துக்கும் பொருந்தும். முஸ்லிம் நாடு என்பதற்காகத் தராசை மாற்றிப் பிடிக்க நமக்கு அனுமதியில்லை.

வரி கேட்கும் முன்

அரசுக்குப் பணம் வேண்டாமா? சாலை, மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாம் எதில் நடக்கும்? நியாயமான கேள்வி. இதற்கு நம் வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. மங்கோலியர் படை நெருங்கியபோது, எகிப்தில் போர்ச் செலவுக்கு மக்களிடம் வரி வசூலிக்கலாமா என்று ஆலோசனை நடந்தது. ஷாஃபிஈ மத்ஹபின் மாபெரும் அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் கூடாது என்று சொல்லவில்லை. பைத்துல்மால் காலியாக வேண்டும், தளபதிகள் தங்களிடமுள்ள தங்க இடைவார்களையும் விலையுயர்ந்த பொருட்களையும் கொடுத்துவிட்டுச் சாதாரண மக்களோடு சமமாக நிற்க வேண்டும், அதன் பிறகு மக்களிடம் கேட்கலாம் என்று நிபந்தனை வைத்தார்கள்.

வரியின் நியாயத்தை அளக்க இதைவிட நல்ல கோல் கிடையாது. பெட்ரோல் வரியில் ஏழைக்கும் கோடீஸ்வரனுக்கும் லிட்டருக்கு ஒரே தொகை. கோடீஸ்வரனுக்கு அது தூசு. மொபட்காரனுக்கு அது பிள்ளையின் பால் காசு. சுமையை முதலில் சுமக்க வேண்டியவர் யார் என்று கேட்பது குடிமகனின் உரிமை. முறையாக, அமைதியாக, ஆதாரத்தோடு கேட்பது நன்மையை ஏவுவதில் சேரும்.

நம் பக்கம்

கண்ணியத்திற்குரியவர்களே! இதுவரை பிறரின் கணக்கைப் பார்த்தோம். இனி நம்முடையதைப் பார்ப்போம்.

நம் மஹல்லாக்களில் வளைகுடாவின் சம்பளத்தில் எழும்பாத வீடுகள் குறைவு. ஒரே எண்ணெய்தான். ஒரு முனையில் அங்கே இருக்கும் மகனுக்குச் சம்பளம், மறுமுனையில் இங்கே இருக்கும் வாப்பாவுக்குச் செலவு. 2014-க்குப் பிறகு எண்ணெய் விலை சரிந்தபோது, 2016-இல் சவூதியில் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் சம்பளமும் இல்லாமல் ஊருக்கும் வர முடியாமல் தவித்தார்கள். விலை ஏறினால் இங்கே அழுகை, இறங்கினால் அங்கே அழுகை. அதனால் "விலை இறங்க வேண்டும்" என்ற துஆவை விட, "நீதி நிலைக்க வேண்டும்" என்ற துஆ நமக்குப் பொருத்தமானது.

அடுத்தது, நம் கடைகள். டீசல் ஏறியது என்று சொல்லி நாம் ஏற்றிய விலையை, டீசல் இறங்கியபோது இறக்கினோமா? ஆட்டோ கட்டணத்தை? வேன் வாடகையை? சரக்குக் கூலி ஒரு ரூபாய் கூடியதற்கு ஐந்து ரூபாய் ஏற்றினோமா? உலகத்தில் விலை விழுந்தபோது பலனைத் தானே வைத்துக்கொண்டார்கள் என்று அரசைக் குறை சொன்னோமே, நம் கல்லாப்பெட்டிக்குள் நடந்ததும் அதுதானே? அவர்களுக்கு அதிகாரம் பெரிது, அதனால் பாவமும் பெரிது. நமக்கு அதிகாரம் ஒரு கடை அளவு. அந்த அளவில் நாம் எப்படி நடந்தோம் என்றுதான் நம்மிடம் கேட்கப்படும்.

பங்கில் வேலை செய்கிறவர்களே! அளவில் மோசடி செய்வோருக்குக் கேடுதான் என்று ஒரு அத்தியாயமே இறங்கியிருக்கிறது. தனக்கு வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்கள் என்று அது அவர்களை அடையாளம் காட்டுகிறது. மீட்டர் பூஜ்யத்தைக் காட்டிய பிறகு குழாயைத் திறங்கள். வாடிக்கையாளர் சந்தேகப்பட்டு ஐந்து லிட்டர் அளவுக் குவளையில் அளந்து காட்டச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். அது அவருடைய உரிமை.

வண்டி வைத்திருக்கிறவர்களே! விலையைப் பற்றிப் புலம்பிக்கொண்டே, பள்ளிவாசலுக்கு வரும் நானூறு அடி தூரத்துக்கும் பைக்கை எடுப்பது வீண்விரயம் இல்லையா? நடந்து வரும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை இருக்க, அதை எண்ணெயில் எரிக்கிறோம். அந்த வழியில் நடந்து வருகிற முதியவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டால் அதே பெட்ரோல் இபாதத் ஆகிறது.

விலை ஏறி இறங்கும். இஸ்ஸுத்தீன் (ரஹ்) அவர்கள் தளபதிகளிடம் கேட்ட கேள்வி மட்டும் நிற்கும்: உன் இடைவாரை முதலில் கழற்றினாயா?

யாருடைய பொருளிலும் அநியாயம் செய்யாதவர்களாக, யாரும் நம்மீது வழக்குத் தொடுக்காத நிலையில் தன்னைச் சந்திக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! பொதுவளங்களைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு நீதியைக் கொடுப்பானாக! உழைத்து உண்பவர்களின் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.