இரைக்கென ஓர் உயிரை வளர்க்கலாமா?



மாவையும் ரவையையும் சலிக்கும்போது வண்டோ புழுவோ தென்படின், அதனை நசுக்காமல் ஒதுக்கி, நிழலான இடத்திற் கொண்டுபோய் விடுவது நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். நீரை வடித்துப் பருகுவதும், பொழுது சாயுமுன் உண்டு முடிப்பதும் அதே அருளுணர்வின் பயனே. இன்றோ, மாவில் வாழும் வண்டினத்தையே வீட்டில் பெருக்கிப் பிற உயிர்களுக்கு இரையாக்கும் வழக்கமும் உலகில் காணப்படுகிறது. நம் பிள்ளைகளும் இதனைக் காண நேரும். ஆதலின் இதன் நன்மை தீமையை ஆராய்தல் நம் கடமையாகும்.

அரோவனா முதலிய வளர்ப்பு மீன்களுக்கும், பூச்சியுண்ணும் பறவைகளுக்கும், வெளிநாட்டுப் பல்லி வகைகளுக்கும் உயிருள்ள இரை இடப்படுகிறது. அதற்கென வளர்க்கப்படுவனவற்றுள் மீல்வார்ம் எனப்படும் மாவுப்புழு ஒன்று. அகன்ற தட்டில் கோதுமைத் தவிட்டைப் பரப்பி, ஈரத்திற்காகக் கேரட் துண்டுகளை இட்டு, வண்டுகளை விடுவர். ஒரு பெண் வண்டு சில நூறு முட்டைகள் இடும். முட்டையினின்று வெளிப்படும் புழு பலமுறை தோலுரித்து, கூட்டுப்புழுவாகி, பின்னர் வண்டாகும். பெரும்பாலானவை அந்நிலையை எய்துமுன்னரே இரையாகிவிடும். விரைந்து வளராதிருக்கப் புழுக்களைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பாரும் உளர்.

“புழுதானே” என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால், பெயர் நம்மை மயக்குகிறது. புழு ஈரறிவுயிர், எறும்பு மூவறிவுயிர், வண்டு நாலறிவுயிர் என்பது ஜினாகமம் காட்டும் வரிசை. மாவுப்புழுவோ வண்டின் இளமைப் பருவமேயன்றி வேறன்று. ஊறு, சுவை, நாற்றம், காட்சி ஆகிய நான்கும் உடைய பிறப்பின் குழவியையே நாம் தட்டில் வளர்க்கிறோம்.

இம்சை நால்வகைப்படும். சமையல் முதலிய இல்லறச் செயல்களில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு முதலிய தொழில்களில் நேர்வது உத்யோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. கொல்லவேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்வது சங்கற்ப இம்சை. முதல் மூன்றையும் இல்லறத்தான் இயன்ற அளவு குறைக்கிறான். நான்காவதை முற்றும் துறக்கிறான். இரைப்புழு வளர்ப்பு இந்நான்காம் வகையையே சாரும். அங்கே கொலை தற்செயலாக நேர்வதன்று. அதன்பொருட்டே அவ்வுயிர் பிறப்பிக்கப்படுகிறது. வளர்த்து விற்பவன், “நான் கொல்லவில்லை, மீன்தான் தின்கிறது” எனத் தப்பவும் வழியில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில்களே.

“இயற்கையில் பல்லி பூச்சியைத் தின்பதில்லையா?” என்பர் சிலர். தின்கிறது, அது அதன் வினைவழி வந்த வாழ்வு. அதில் நம் எண்ணமோ கையோ கலக்கவில்லை. இங்கே எண்ணமும் நம்முடையது, கையும் நம்முடையது. எண்ணத்தின் வலிமையை யசோதர காவியம் தெளிவாகக் காட்டுகிறது. உயிரற்ற மாக்கோழியைப் பலியிட்டதற்கே யசோதரனும் அவன் தாயும் விலங்குப் பிறவிகள் பல எடுத்து உழன்றனர். அங்ஙனமாயின், உயிருள்ளவற்றை நூற்றுக்கணக்கிற் பெருக்கி இரையாக்குவதன் பயன் யாதாகும் என எண்ணிப் பாருங்கள்.

பூனை முதலிய இரைகொல்லும் உயிர்களை வளர்ப்பதையே, பயனின்றித் தேடிக்கொள்ளும் பாவமாகிய அநர்த்த தண்டத்துள் சேர்க்கிறது கார்த்திகேயானுப்பிரேக்ஷை. ஆனால், ஏற்கெனவே இல்லத்தில் உள்ள உயிரை என் செய்வது? பட்டினியிடலாகாது, உணவையும் நீரையும் தடுத்தல் அகிம்சாணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்று. ஏரியிலோ குளத்திலோ விடுதலும் தகாது. அயல்நாட்டு மீன் அங்குள்ள உயிர்களை அழிக்கும். உண்பிக்கினும் பாவம், உண்பிக்காவிடினும் பாவம் என்னும் இந்நெருக்கடி, அவ்வுயிரை விலைகொடுத்து வாங்கிய நாளிலேயே தோன்றிவிட்டது. எனவே, விரதத்தைக் காக்கவேண்டிய இடம் கடைவாசலே.

தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே, திகம்பர லால் மந்திரில் ஜைனர்கள் நடத்தும் பறவை மருத்துவமனை இதற்கு நல்ல வழிகாட்டி. தானியம் உண்ணும் பறவைகளைத் தங்கவைத்துப் பேணும் அவ்விடத்தில், ஊனுண்ணும் பறவைகளுக்கும் சிகிச்சை மறுக்கப்படுவதில்லை; தங்கவைத்து ஊனிடுவது மட்டும் இல்லை. நோயுற்ற உயிருக்கு அருள் உண்டு. அவ்வருளின் பெயரால் மற்றோர் உயிரைக் கொல்லுதல் இல்லை.

ஆதலின், இரைதேடி உண்ணும் உயிர்களை வாங்காதீர். பரிசாக வரினும் ஏலாதீர். முன்னரே வைத்திருப்போர், இயலுமாயின் மீனை உலர் தீவனத்திற்குப் பழக்குங்கள். அதிலும் மீன்தூள் கலந்திருக்கக் கூடும், முற்றும் குற்றமற்றதன்று. எனினும், உயிரைப் பெருக்கி இரையாக்கும் தட்டு வீட்டைவிட்டு நீங்கும். அதன் ஆயுள் முடிந்தபின் வேறொன்று வாங்குவதில்லை என உறுதிகொள்ளுங்கள். முனிவர் பெருமக்களை அடுத்துப் பிராயச்சித்தமும் கேளுங்கள்.

உயிர்களோடு பழக விரும்பும் குழந்தையின் ஆசை நல்லதே. அதனைக் கடிந்து அடக்காதீர். மொட்டைமாடியில் தானியமும், மண்சட்டியில் நீரும் வைக்கச் சொல்லுங்கள். கொசுப்புழு தோன்றி மடியாதிருக்க, நாள்தோறும் நீரை மாற்றவும் கற்பியுங்கள். கூண்டின்றி வந்து, உண்டு, பறந்துசெல்லும் சிட்டும் புறாவும் அப்பிள்ளைக்கு அருளைக் கற்பிக்கும்.

கொல்லாமை ஓங்குக! அருகன் அறம் வளர்க!