காணும் உரிமை

நாடு பல கண்டு வருதல் அறிவை விரிக்கும் என்பதை இன்று மறுப்பார் இலர். கடல் கடந்தால் சாதி கெடும் என்ற மூடக் கொள்கையைக் கரையிலேயே எறிந்துவிட்டுக் கப்பலேறியவர்களின் வழிவந்த நமக்குப் பிரயாணத்தின் பெருமையை எவரும் புதிதாக எடுத்தோத வேண்டுவதில்லை. ஆயினும், காண்பதற்கும் ஓர் எல்லை உண்டோ, உண்டாயின் அதனை வகுத்தற்கு உரியவர் யாவர், பணங் கொடுத்தவன் அவ்வெல்லையைத் தாண்டலாமோ என்னும் வினாக்களை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. இவை எங்கும் எழக்கூடிய வினாக்கள்தாம். எனினும், உலகத்தின் வடகோடியில், பனி மூடிய நாடுகளில், அவை மிகுந்த கூர்மை பெறுகின்றன. ஆதலின் அங்கேயே வைத்து இவற்றை ஆராய்வோம்.

நார்வே, ஐஸ்லாந்து, கிரீன்லாந்து ஆகிய நாடுகளின் கரையோரமாக இந்நாளில் உல்லாசக் கப்பல்கள் பல ஓடுகின்றன. பெருங் கப்பல் ஒன்றில் மூவாயிரம் நாலாயிரம் பேர் ஏறுவதும் உண்டு. காலையில் துறையை அடையும் கப்பல் மாலையில் புறப்பட்டுவிடும். இடையிலுள்ள ஏழெட்டு மணி நேரத்தில், மந்தையாக இறங்கி, மோட்டார் வண்டிகளில் ஏறி, ஓர் அருவியையும் ஒரு கடையையும் பார்த்துவிட்டு ஓடிவந்து மீண்டும் கப்பலேறுவதே கைகூடும். நார்வேயில், மலைகளுக்கிடையே கடல் நுழைந்து நிற்கும் பியோர்டு ஒன்றின் முடிவில், கெய்ராங்கர் என்னும் சிற்றூர் உளது. அங்கு வாழ்வோர் சில நூறு பேரே. கோடைக்காலத்தில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் அங்கு வந்து இறங்குகின்றனர். இவ்வாறு கண்டதும் காணாததுமாகத் திரும்புவதில் மனம் நிறைவடையாத சிலர், கப்பற் பிரயாணத்தின் முன்னரோ பின்னரோ மேலும் சில நாட்களுக்குப் பணங் கட்டி, வழிகாட்டி ஒருவரோடு நிலத்திலே தங்குகின்றனர். நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில் செல்லுதல், பனியாற்றின் மீது நடத்தல், சிறு படகில் மிதக்கும் பனிக்கட்டிகளினூடே போதல் முதலியன அந்நாட்களின் நிகழ்ச்சிகள். கப்பல் முதலாளிகளும் இவற்றை ஒரு தனிச் சரக்காகவே விற்கின்றனர்.

முற்காலத்தில் இவையெல்லாம் எளியவர்க்கு எட்டாதவை. நார்வேயின் வடகோடியில் 300 மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழுந்து நிற்கும் நோர்த் கேப் என்னும் முனையை, வாணிபமும் போரும் காரணமாக அன்றிக் காணும் விருப்பம் ஒன்றினாலேயே 1664இல் சென்றடைந்தவர் பிரான்செஸ்கோ நெக்ரி என்னும் இத்தாலிய பாதிரியார். 1875இல் தாமஸ் குக் கம்பெனியார் அங்குக் கூட்டமாக ஆட்களை அழைத்துச் செல்லத் தொடங்கினர். நம் அண்டை நாடாகிய சயாமின் மன்னர் சூலலங்கோர்ன் 1907இல் அங்குச் சென்று, தம் பெயர்க் குறியைப் பாறையில் பொறித்து வைத்தார். மன்னர்களுக்கு எங்கு போனாலும் பெயர் பொறிக்கும் ஆசை விடுவதில்லை போலும்! ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியரும், மருத்துவமனைத் தாதியரும், சிறு கடைக்காரரும் சேமித்த பணத்தைக் கொண்டு அங்குச் செல்லக்கூடிய நிலை இன்று வந்திருக்கிறது. இது நன்மையே. மன்னர் கண்டதை மற்றவரும் காண்பது கூடாதென்று சொல்ல நாம் எவ்வாறு துணிவோம்?

ஆனால், நாம் பெயரைப் பொறிக்காவிட்டாலும் நம் கால்கள் பொறித்துவிடுகின்றன. வடதுருவத்தை அடுத்த நிலங்களில் பாசியும் சிறு செடிகளும் மிக மெல்ல வளர்வன. அங்கு ஒருவர் மிதித்த தடம் பல்லாண்டுகள் அழியாது நிற்கும். ஆகவே, 'பார்க்கத்தானே வந்தோம், எதையும் எடுத்துச் செல்லவில்லையே' என்று சொல்வது அவ்விடத்திற்குப் பொருந்தாத பேச்சு. அங்கே பார்வைக்கும் எடை உண்டு.

இதனை நன்கு உணர்ந்தவர் வழிகாட்டிகளே. ஸ்வால்பார்டு என்னும் நார்வேத் தீவுக்கூட்டத்தில், 78 பாகை வட அட்சத்தில், லாங்இயர்பியன் என்னும் ஊர் இருக்கிறது. ஏறத்தாழ 2,500 பேர் வாழ்கின்றனர். நிலக்கரி தோண்டுவதற்கென 1906இல் ஓர் அமெரிக்கக் கம்பெனி தோற்றுவித்த ஊர் அது. ஊரெல்லையில் வெண்கரடியின் உருவம் தீட்டிய எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. அதற்கு அப்பால் செல்லும் வழிகாட்டி தோளில் துப்பாக்கி தாங்கியே செல்கின்றார். கரடியைச் சுடுவது அவருடைய நோக்கமன்று. சுட வேண்டிய நிலை வாராமற் பார்ப்பதே அவருடைய திறமை. வானம் மாறினாலும், பனிக்கட்டி நெகிழ்ந்தாலும், தொலைவில் கரடி தென்பட்டாலும், 'இன்று வேண்டாம், திரும்புவோம்' என்று அவர் சொல்லவேண்டும். நாம் பணம் கொடுப்பது அவர் நம்மை அழைத்துச் செல்வதற்கு மட்டுமென்று எண்ணுகின்றோம். உண்மையில், நம்மைத் தடுத்து நிறுத்துவதற்காகவே அப்பணத்தின் பெரும்பகுதியைக் கொடுக்கின்றோம். இந்த வியாபாரத்தின் விந்தை இதுவே. கடையில் காசு கொடுத்து 'இல்லை' என்ற சொல்லை வாங்கி வருவோர் உளரோ?

அச்சொல் உரிய காலத்தில் சொல்லப்படாவிடின் என்ன நேரும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம். 2018ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஸ்வால்பார்டின் வடகோடியிலுள்ள சிறு தீவுகளில், உல்லாசக் கப்பல் ஒன்றின் பிரயாணிகளை இறக்குவதற்கு முன் இடம் பார்க்கச் சென்ற காவலர்களுள் ஒருவரை வெண்கரடி தாக்கிற்று. அவருக்குத் தலையில் காயம். கரடி சுட்டுக் கொல்லப்பட்டது. தம்முடைய தோழரின் உயிரைக் காத்த காவலர்மீது நாம் குற்றஞ்சாட்டமாட்டோம். ஆனால் கரடி தன்னுடைய இடத்தில் இருந்தது. மனிதர்களே அங்கு வந்தவர்கள். வடதுருவத்து விலங்கைக் காணும் ஆவலோடு வந்த கூட்டத்தின் பொருட்டு அவ்விலங்கே மாண்டது என்பதை எந்த வாதத்தாலும் மறைக்க முடியாது.

மற்றொன்று ஐஸ்லாந்தில் நடந்தது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் தேதி, பிரைதாமெர்குர் என்னும் பனியாற்றுக்கு வழிகாட்டிகளோடு சென்றவர்கள்மீது பனிக்கட்டி இடிந்து விழுந்தது. அமெரிக்கர் ஒருவர் இறந்தார். ஒரு பெண் காயமுற்றார். பனிக்குகைகள் குளிர்காலத்தில் இறுகி நிற்பன. கோடையில் உருகி நெகிழ்வன. கோடையிலேயே உல்லாசப் பிரயாணிகள் மிகுதி. ஆகவே கோடையிலும் குகை காட்டும் வழக்கம் தோன்றிவிட்டது. இயற்கையின் கணக்கு ஒன்றாயிருக்க, வியாபாரத்தின் கணக்கு வேறொன்றாயிற்று. இதிலும் ஒரு கொடுமை உண்டு. கூட்டத்தில் 25 பேர் இருந்தனர் என்று முதலில் சொல்லப்பட்டதனால், இருவரைக் காணோமென்று எண்ணி, பலர் தம் உயிரைப் பொருட்படுத்தாது மறுநாள் வரையில் கையாலும் கருவியாலும் பனியை வெட்டித் தேடினர். பின்னர்தான் வந்தவர் 23 பேரே என்பது தெரிந்தது. விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணும் தொழிலில் இருக்கும் நமக்கு இச்செய்தியைப் படித்தபோது நெஞ்சு திடுக்கிட்டது. ஆளை எண்ணத் தெரியாதவரிடம் ஆளை ஒப்படைப்பது எங்ஙனம்? இதன் பின்னர் அப்பகுதியில் பனிக்குகைப் பிரயாணங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 'வேண்டாம்' என்ற சொல்லை வழிகாட்டி சொல்லாத இடத்தில் அரசாங்கம் சொல்லவேண்டியதாயிற்று.

நிலமும் விலங்கும் இவ்வாறாக, காணப்படும் மனிதரைப் பற்றியும் கூறவேண்டும். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடபகுதியிலும் ருஷ்யாவின் ஒரு மூலையிலும் வாழும் பழங்குடி மக்களுக்குச் சாமி என்று பெயர். (நம் ஊர்ச் சாமிக்கும் இவர்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை; இவர்கள் எவரிடமும் காணிக்கை கேட்பதில்லை.) பனிமான் மேய்த்தல் இவர்களுடைய பழந்தொழில்களுள் ஒன்று. இவர்களுடைய மொழியைப் பள்ளிகளில் ஒடுக்கி, இவர்களைத் தம்மவராக மாற்ற நார்வே அரசாங்கம் பல தலைமுறைகள் முயன்றது. அக்கொள்கையை ஆராய்ந்த குழு 2023இல் அறிக்கை வெளியிட்டது. 2024 நவம்பரில் நார்வேப் பார்லிமெண்டு மன்னிப்புக் கேட்டது. ஒரு காலத்தில் எந்த உடையையும் மொழியையும் இழிவென்று ஒதுக்கினார்களோ, அதே உடையை இன்று விளம்பரப் படங்களில் அச்சிட்டு ஆட்களை அழைக்கின்றனர். பின்லாந்தில், சாமி இனத்தவரல்லாதார் சாமி உடைபோன்ற ஏதோ ஒன்றை அணிந்து விருந்தினரை மகிழ்விக்கும் வழக்கமும் பரவியிருந்தது. ஆகவே அந்நாட்டுச் சாமிப் பார்லிமெண்டு, தம் மக்களைக் காட்சிப்பொருளாக்கும் பிரயாண வியாபாரம் எவ்வாறு நடத்தல் வேண்டும் என்பதற்கு 2018இல் நெறிமுறைகள் வகுத்தது.

இவ்விஷயத்தில் நமக்கு நூலறிவுக்கு மேல் சிறிது தெரியும். தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வந்த விருந்தினர், பால் வெட்டிக்கொண்டிருந்த பெண்ணை நிறுத்தி, வாளியோடு மரத்தருகே நிற்கச் சொல்லிப் படம் எடுத்துச் சென்ற காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கின்றோம். அவள் பெயரை எவரும் கேட்டதில்லை. நின்ற நேரத்திற்குப் பால் குறைந்ததும் அவள் கணக்கிலேயே விழுந்தது. காணப்படுவது எத்தகையது என்பதை அறிந்த இனத்தார், காணச் செல்லும்போது அதை மறக்கலாகாது.

சாமி மக்களிடம் 'உங்களுக்கு எத்தனை பனிமான்கள்?' என்று கேட்பது, நம்மிடம் ஒருவர் வந்து 'உமக்குப் பாங்கில் எவ்வளவு பணம்?' என்று கேட்பதற்கு ஒப்பாகும். ஏழெட்டு மணி நேரம் இறங்கியவருக்கு இதனை எவர் சொல்வார்? சில நாட்கள் தங்கி, அவ்வினத்தாரே வழிகாட்டிகளாய் நடத்தும் இடத்தில் உண்டு, உறங்கி, அவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பவருக்கே இது தெரியவரும். அன்றியும், அவர் செலவிடும் பணமும் கப்பலுக்குள்ளேயே சுற்றாமல் அவ்வூரார் கையிற் சேரும். இக்காரணம்பற்றியே, கப்பற் பிரயாணத்தோடு நின்றுவிடாது தரையில் நாட்களை நீட்டிக்கொள்ளுதலை நாம் ஆடம்பரம் என்று தள்ளிவிடவில்லை. போவதென்று துணிந்தவர் நின்று பார்ப்பதே நேர்மை.

போகவே கூடாது என்று கூறுவாரும் உளர். அவர் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1979 முதல் வடதுருவப் பகுதி உலகத்தின் பொதுவான வெப்ப ஏற்றத்தைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்திருக்கிறது என்று 2022இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டனர். ஐஸ்லாந்தில் ஓக் என்னும் பனியாறு 2014இல் பனியாறு என்ற தகுதியையே இழந்தது. 2019இல் அதற்கு நினைவுத் தகடு பதித்தார்கள். 'அழியுமுன் வந்து காணுங்கள்' என்று சிலர் இதனையே விளம்பரமாக்குகின்றனர். அழிப்பதில் பங்குடைய புகையைக் கக்கும் விமானத்திலும் கப்பலிலும் ஏறியே அதைக் காணச் செல்கின்றோம்! சாகக் கிடப்பவனைப் பார்க்கச் சென்று அவன் படுக்கையருகே அடுப்பு மூட்டுவதற்கு இது ஒப்பன்றோ? ஸ்வால்பார்டுக் கடலில் கப்பல்கள் கனத்த கசட்டெண்ணெயைப் பயன்படுத்துவது 2022 முதல் தடுக்கப்பட்டுள்ளது. கெய்ராங்கர் முதலான உலகப் பாரம்பரியப் பியோர்டுகளில் 10,000 டன்னுக்குக் குறைந்த பிரயாணிக் கப்பல்கள் 2026 முதல் புகையின்றியே செல்லவேண்டும். பெரியனவற்றிற்கு 2032 வரை தவணை. பெரிய புகைக்கு நீண்ட தவணை கிடைத்திருப்பதை நேயர்கள் கவனிப்பார்களாக. ஆண்டுதோறும் ஓடியோடி ஏழெட்டு மணி நேரம் பார்ப்பதினும், வாழ்நாளில் ஒருமுறை சென்று பல நாள் தங்குவது புகைக் கணக்கில் மேல் என்பது மட்டும் நமக்குத் தெளிவாகத் தெரிகின்றது. அதுவும் குற்றமற்றது என்று நாம் சொல்லவில்லை.

இனி, எல்லையை வகுக்கும் சட்டத்திற்கு வருவோம். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து, ஸ்வால்பார்டின் காப்பு நிலப்பகுதிகளுக்குள் 200 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல்கள் செல்லலாகாது. அப்பகுதிகளில் குறித்த 43 இடங்களில் மட்டுமே பிரயாணிகள் இறங்கலாம். வெண்கரடிக்கு 300 மீட்டருக்குள் எவரும் நெருங்கலாகாது. குட்டிகளோடு தாய்க் கரடிகள் திரியும் காலமாகிய மார்ச்சு முதல் ஜூன் முடிய 500 மீட்டர். அத்தொலைவில் கரடி ஒரு மங்கிய மஞ்சட் புள்ளி. தூரதிருஷ்டிக் கண்ணாடியில்லாமல் கல்லுக்கும் கரடிக்கும் வேறுபாடு தெரியாது. அச்சட்டத்தை நாம் முழு மனத்தோடு வரவேற்கின்றோம். மன்னரோ செல்வரோ மாணவரோ, எவர் வந்தாலும் 300 மீட்டர் 300 மீட்டரே.

ஆனால், 200 பேர் என்ற விதியில் அத்தகைய சமத்துவம் இல்லை. மூவாயிரம் பேர் செல்லும் கப்பலில் கட்டணம் குறைவு; 200 பேருக்கு உட்பட்ட சிறு கப்பலில் கட்டணம் பன்மடங்கு. எத்தனை பேர் செல்லலாம் என்பதைச் சட்டம் சொல்லிற்று. எவர் செல்லலாம் என்பதைச் சந்தையே சொல்லும்படி விட்டுவிட்டது. விளைவு யாது? எளியவர்கள் வந்து சேர்ந்த வேளையில் கதவு சாத்தப்பட்டது. செல்வர்க்கு மட்டும் பக்கவாயில் திறந்திருக்கிறது. கூட்டத்தைக் குறைக்கவேண்டியது நியாயம். பணப்பையின் கனத்தைக் கொண்டு குறைப்பது நியாயமாகாது.

நம் முன்னோர் ஊர்களில், ஏரியில் நீர் குறைந்த காலத்தில் அதை ஏலம் போடுவதில்லை. முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். காணத்தக்க இடம் சிறிதாயும் காண விரும்புவோர் பலராயும் இருக்கும்போது, அங்கும் முறை வைக்கலாகாதோ? இந்த ஆண்டு இன்னின்னார், வாய்க்காதவர் அடுத்த ஆண்டு என்று சீட்டுப் போட்டு, ஒரு பகுதி இடங்களையேனும் ஒரே கட்டணத்தில் வழங்குவது அரசாங்கத்தாரால் ஆகாத காரியமன்று. கப்பல் முதலாளிகளுக்கு இதனால் வருவாய் குறையும் என்பார்கள். குறையலாம். வெண்கரடியின் எல்லையை மீட்டர் கணக்கில் அளந்து சட்டமாக்கத் தெரிந்த ஒரு நாட்டினருக்கு, இவ்விஷயத்தில் மட்டும் முதலாளிகளின் வருவாயே முதற் கணக்காக வேண்டியதேன் என்பது நமக்கு விளங்கவில்லை.