சொன்னவர் கடன்

இயற்கையின் சீற்றங்களுள் புயலுக்கெனத் தனி இயல்பு ஒன்று உண்டு. நிலநடுக்கம் சொல்லாமல் வருவது. புயலோ கடலின்மேல் நாட்கணக்கில் வளர்ந்து, வானத்தின் நிறத்தை மாற்றி, அலையின் ஓசையை மாற்றித் தன் வரவைத் தானே அறிவித்துக்கொண்டு கரை நோக்கி வருவது. செயற்கைக்கோள்கள் விண்ணில் சுற்றத் தொடங்கிய பின்னர் அதன் வரவு முன்னினும் தெளிவாகவே புலப்படுகின்றது. ஆதலால்தான் நிலநடுக்கத்தில் மாண்டவர்களை எண்ணி அழுகின்ற உலகம், புயலில் மாண்டவர்களை எண்ணும்போது அழுகையோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்கின்றது: "முன்னரே சொன்னார்களே, ஏன் போகவில்லை?"

கேள்வி எளிமையானதுதான். ஆனால், அதனுள் ஒரு தீர்ப்பு மறைந்து கிடக்கின்றது. சொன்னவர் தம் கடனை முடித்துவிட்டார். கேளாதவர் தம் முடிவைத் தாமே தேடிக்கொண்டார் என்பதே அத்தீர்ப்பு. பாதுகாப்பான இடத்தில் அமர்ந்து செய்தித்தாள் படிப்போர்க்கு இது மிகவும் வசதியான தீர்ப்பு. அது அறத்தொடு பொருந்துமா என்பதே ஆராயத்தக்கது.

1970ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் இரவு, அன்று கிழக்குப் பாக்கிஸ்தானாக இருந்து இன்று வங்காளதேசமாக விளங்கும் நாட்டின் கழிமுகத் தீவுகளைப் பெரும்புயல் ஒன்று தாக்கியது. முழுநிலவை ஒட்டிய நாளாதலால் கடல் இயல்பாகவே உயர்ந்திருந்த வேளை அது. காற்று தள்ளிக்கொண்டு வந்த நீர், குடிசைகளின் கூரைக்கு மேல் ஏறிற்று. மாண்டவர் தொகை மூன்று இலட்சம் என்பர்; ஐந்து இலட்சம் என்பாரும் உளர். தஜுமுதீன் என்னும் ஒரு வட்டாரத்தில் மட்டும் 167,000 மக்களுள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் விடிவதற்குள் இல்லாமற் போயினர். நெல் அறுவடைக் காலமாதலால் வெளியூர்களிலிருந்து கூலிக்கு வந்தோரும் அத்தீவுகளில் நிரம்ப இருந்தனர். அவர்கள் அங்குள்ள எந்தக் கிராமத்துக் கணக்கிலும் சேராதவர்கள்.

எச்சரிக்கை இல்லாமற் போய்விடவில்லை. வானொலி சொல்லிற்று. புயலுக்குப் பின்னர் நடத்தப்பெற்ற ஆய்வு ஒன்றில், அப்பகுதி மக்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றின் மேற்பட்டோர் புயல் வருவதை அறிந்தே இருந்தனர் என்பது வெளிப்பட்டது. உறுதியான கட்டடங்களை நாடிச் சென்றவர்களோ நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர். தொண்ணூறு பேர் அறிந்தனர், ஒருவர் சென்றார். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே கிடக்கின்ற வெளியை 'அறியாமை' என்னும் ஒரு சொல்லால் நிரப்பிவிட முடியாது. அவர்கள்தாம் அறிந்திருந்தனரே!

அந்த எண்பத்தொன்பது பேரின் உள்ளத்துள் நிகழ்ந்த கணக்கைச் சற்றுப் பொறுமையோடு பார்த்தல் வேண்டும். முதலாவதாக, முந்திய மாதந்தான் இதே போன்றதோர் எச்சரிக்கை வந்திருந்தது. அப்புயல் அஞ்சிய அளவு கேடு செய்யவில்லை. ஒருமுறை வீணாக ஓடியவன் மறுமுறை ஓடத் தயங்குவது மனித இயற்கை. அடுத்து, அவர்கள் குடியிருந்த நிலம் எத்தகையது? ஆறுகள் கொணர்ந்து கடலோரத்தில் குவித்த வண்டல் திட்டு. நேற்றுத் தோன்றி நாளை கரைந்துபோகக்கூடிய மண். வேறெங்கும் ஒரு சாண் நிலம் இல்லாதவர்களே அங்குக் குடியேறினர். அம்மண்ணைப் பொறுத்தவரை, இருப்பவனுக்கே உரிமை. விட்டு அகன்றால், திரும்பி வருவதற்குள் வலியவன் ஒருவன் அதில் ஏர் பூட்டியிருப்பான். இனிப் பசு ஒன்று இருக்கும். அதுவே அவ்வீட்டின் சேமிப்பும், பிள்ளைகளின் பாலும், அடுத்த ஆண்டின் உழவும் ஆகும். அதனை எந்தக் கட்டடத்தின் மாடிக்கு ஏற்றுவது? இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, ஏறிச் செல்வதற்கு மாடிதான் எங்கே இருந்தது? பல ஊர்களில் நடந்து எட்டும் தொலைவில் கல்லால் கட்டிய வீடு ஒன்றேனும் இல்லை.

போகாதவன் மூடனல்லன். வருமோ வராதோ என்று ஐயத்துக்குரிய ஒரு சாவையும், போனால் உறுதியாக வரக்கூடிய ஒரு வறுமையையும் அவன் எடைபோட்டுப் பார்த்தான். தட்டு எப்பக்கம் தாழ்ந்தது என்பதை அவனுடைய வறுமையே முடிவு செய்தது. அத்தராசைச் செய்து அவன் கையில் கொடுத்தவர் யார் என்று கேளாமல், அவன் தவறாக நிறுத்தான் என்று சொல்வதில் நடுவுநிலைமை இல்லை.

வருமுன் காத்தலைப் பற்றித் தமிழ் மாணவர் இளமையிலேயே திருக்குறளில் கற்கின்றனர். அக்குறள் அமைந்திருப்பது 'குற்றங்கடிதல்' என்னும் அதிகாரத்தில் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். தீயின் முன் வைக்கோற்போர் என்று வள்ளுவர் காட்டும் உவமை, முன்னறிந்து தன்னைக் காத்துக்கொள்ளாத தலைவனைப் பற்றியது. அரசியலைச் சார்ந்த பகுதி அது. வைக்கோற்போரைப் பார்த்து, 'நீ ஏன் எழுந்து ஓடவில்லை?' என்று யாரும் கேட்பதில்லை.

அறிந்தும் சொல்லாது விடுதல் வெளிப்படையான குற்றம். அதனைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2008ஆம் ஆண்டு மே மாதத்தில் நர்கிஸ் புயல் மியன்மாரின் ஐராவதிக் கழிமுகத்தை அழித்தபோது, இந்திய வானிலைத் துறை முன்கூட்டியே அந்நாட்டுக்குத் தெரிவித்திருந்தும், கடலோரச் சிற்றூர்களுக்கு அச்செய்தி சென்று சேர அன்றைய இராணுவ அரசு போதிய முயற்சி செய்யவில்லை. மாண்டவரும் காணாமற் போனவருமாக ஏறத்தாழ 138,000 பேர். இதில் அறநூல் ஆராய்ச்சிக்கு இடமில்லை. ஆராய்ச்சிக்கு உரியவர் சொல்லிவிட்டு அமைதி கொள்பவரே.

பள்ளிக்கூடங்களில் இவரை நன்கு அறிவர். "பாடத்தை நடத்தியாயிற்று, மாணவன் படிக்கவில்லை" என்று கூறிவிட்டுப் புத்தகத்தை மூடும் ஆசிரியர் இவருக்கு உடன்பிறந்தவர். கரும்பலகையில் எழுதியது உண்மை. வாய் வலிக்கப் பேசியதும் உண்மை. ஆயினும் கற்பித்தல் நிகழவில்லை. சொல் என்பது வாயிலிருந்து புறப்பட்ட அளவில் முழுமை பெறுவதன்று. கேட்பவன் உள்ளத்தில் அது பொருளாகி, அப்பொருளின்படி நடக்க அவனுக்கு ஒரு வழியும் இருந்தால்தான் சொன்னவர் கடன் தீரும்.

பொருளாவது என்பதுகூட அத்துணை எளிதன்று. 2013ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஹையான் புயல் பிலிப்பைன்ஸ் நாட்டின் தக்லோபான் நகரைத் தாக்கியது. புயலோடு கடலும் பொங்கி ஊருக்குள் ஏறும் என்று அறிவிப்பாளர்கள் முன்னரே சொன்னார்கள். ஆனால், வானிலை அறிஞர்கள் தமக்குள் வழங்கும் ஆங்கிலக் கலைச்சொல்லாலேயே அதனைச் சொன்னார்கள். அச்சொல் மக்களுக்குப் பெருங்காற்று, பெருமழை என்ற அளவிலேயே பொருள் தந்தது. 'சுனாமி போல வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்' எனப் பின்னர்ப் பலர் கூறினர். அறிவியல் நோக்கில் சுனாமி வேறு, புயலால் எழும் வெள்ளம் வேறு. அறிவிப்பாளர் பிழையான சொல்லைப் பயன்படுத்த விரும்பவில்லை. சரியான சொல்லைச் சொல்லியும், ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை அந்நாடு இழந்தது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபாடு கொண்ட தமிழாசிரியர்கள் இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று நினைத்தல் நலம்.

சொல்லே இல்லாத இடங்களும் உண்டு. மலேசிய மண்ணில் வாழ்வோர்க்குப் புயல் பெரும்பாலும் பாடநூற் செய்தியே. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் பூமியின் சுழற்சி காற்றைச் சுழலச் செய்யும் ஆற்றல் மிகக் குறைவு. ஆகவே புயல்கள் வடக்கே ஒதுங்கிச் செல்கின்றன. சபா மாநிலத்துக்குக் 'காற்றுக்குக் கீழுள்ள நாடு' என்னும் பெயர் வழங்குவதும் இதனாலேயே. அந்த நாட்டிலேதான் 1996ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் கிரெக் புயல் புகுந்து, கெனிங்காவ் வட்டாரத்தில் இருநூறு பேருக்கு மேல் உயிர்குடித்தது. ஐந்தாண்டுகள் கழித்து, 2001 டிசம்பர் 27இல், வாமெய் புயல் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகை தொலைவிலேயே உருவாகி ஜொகூரில் கரையேறியது. அங்கெல்லாம் யாரையும் கேளாதவர் என்று குறை கூற வழியில்லை. வரும் என்று எதிர்பார்க்கப் பழகாத மக்கள் அவர்கள்.

எனின், கடன் தீரச் சொல்வது எங்ஙனம்? இதற்கு விடை தேடியவர்கள், 1970இல் யாவற்றையும் இழந்த அந்த வங்காளத்துக் கழிமுக மக்களே. 1972இல் அங்குப் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. அதன் உயிர்நாடி கருவியன்று, மனிதன். ஒவ்வொரு சிற்றூரிலும் அவ்வூராரே தொண்டராயினர். புயற்செய்தி வந்ததும் கொடி ஏற்றுவர். அபாயம் மிக மிகக் கொடிகள் இரண்டாகும், மூன்றாகும். கையொலிபெருக்கியோடு சேற்று வரப்புகளில் நடந்து வீடு வீடாகச் சொல்வர். முன்பு வானொலியிலிருந்து வந்த சொல், இப்போது பக்கத்து வீட்டுக்காரன் வாயிலிருந்து வந்தது. வானொலியை ஐயுறலாம், தன் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு புகலிடத்துக்குச் செல்லும் அண்டைவீட்டானை எப்படி ஐயுறுவது?

உடனே எல்லாம் நன்றாகிவிட்டது என்று எண்ணலாகாது. 1991ஆம் ஆண்டு ஏப்ரல் 29இல் வந்த புயலில் ஏறத்தாழ 138,000 பேர் மாண்டனர். தொண்டர் சொன்னார்கள், புகலிடங்களோ போதவில்லை. மாண்டவருள் பெண்களே மிகுதி. கணவன் இல்லாத நேரத்தில் வீட்டைவிட்டு வெளியேறத் தயங்கியவர்கள், ஆடவர் கூட்டத்தினிடையே இரவைக் கழிக்க நாணியவர்கள், கைக்குழந்தையோடு நீந்த இயலாதவர்கள். 'ஏன் போகவில்லை?' என்னும் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. ஆனால், இம்முறை அதனைக் கேட்டவர்களுள் சிலர் விடைக்காகக் காத்திருந்தனர். அதனால்தான் பின்னர் எழுந்த புகலிடங்களில் பெண்களுக்குத் தனியறைகள் அமைந்தன. கால்நடைகளுக்கென உயர்ந்த மண்மேடுகள் கூடின. தொண்டர் படையில் பெண்கள் பெருகி, இன்று எழுபத்தாறாயிரம் பேர் கொண்ட அப்படையில் ஏறத்தாழச் சரிபாதி ஆயினர். 2007 நவம்பரில் சிதர் என்னும் கடும்புயல் வந்தபோது மாண்டவர் ஏறத்தாழ 3,400 பேர். சுந்தரவனக் காடுகள் காற்றையும் அலையையும் ஓரளவு தாங்கிக்கொண்டன என்பதையும் மறைக்கலாகாது.

இந்தியாவின் ஒடிசா மாநிலத்தின் வரலாறும் இதுவே. 1999 அக்டோபர் புயலில் ஏறத்தாழப் பதினாயிரம் பேரைப் பறிகொடுத்த மாநிலம், 2013இல் பைலின் புயலுக்கு முன் பத்து இலட்சம் பேரையும், 2019இல் ஃபானி புயலுக்கு முன் பன்னிரண்டு இலட்சம் பேரையும் இடம்பெயர்த்தது. ஃபானியில் அங்கு இறந்தோர் 64 பேர்.

இத்தனை பேரை அகற்றுகையில் மறுப்பவர் சிலரேனும் இருப்பர். மறுக்கும் முதியவரைத் தூக்கிக்கொண்டு போகலாமா? அவர் உயிர் அவருடையது என்பார் உளர். நள்ளிரவில் அவரை மீட்கப் போகும் இளைஞனின் உயிர் யாருடையது என்பதையும் அவர்கள் சொல்லவேண்டும். வற்புறுத்தல் சில வேளைகளில் நேரிதே. ஆயினும், பசுவுக்கு இடம் எங்கே என்று கேட்பவனைப் பிடிவாதக்காரன் என்று இழுத்துச் செல்வது நேரிதன்று. முதலில் பசுவுக்கு இடம் காட்டவேண்டும்.

புயல் திசைமாறிப் போய்விடும் நாளே சொன்னவர்க்கு மிகக் கடினமான நாள். ஒருநாட் கூலி போயிற்று. இரவு முழுதும் கைக்குழந்தை அழுதது. வானமோ தெளிவாக இருக்கின்றது. சொன்னவர் தலைநகரில் இருப்பவராயின் அன்று அவரை யாரும் காண்பதில்லை. ஏச்சும் அவரை எட்டுவதில்லை. அடுத்த முறை அவர் குரல் வானொலியில் ஒலிக்கும்போது கேட்பவர் இருப்பதுமில்லை. ஊர்த்தொண்டனுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. கூலி அவனுக்கும் போயிற்று. அவன் குழந்தையும் அழுதது. மறுநாள் தேநீர்க் கடையில் கேலி பேசுவோர் நடுவே அவனும் அமர்ந்திருக்கவேண்டும். அடுத்த புயலின்போது அவன் சொல்லை நம்பவைப்பது, புயல் வராத அந்நாளில் அவன் அங்கு அமர்ந்திருந்ததுதான்.

2020ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்பான் புயல் வங்கக் கடலில் எழுந்தபோது, கொள்ளைநோய்த் தொற்று உலகெங்கும் பரவியிருந்தது. புகலிடத்தில் நோய், வீட்டில் கடல் என்று மக்கள் இருதலைக் கொள்ளி எறும்பாய் நின்றனர். நெருங்கி அமராதிருக்கப் பள்ளிகளும் கல்லூரிகளும் புகலிடங்களாகத் திறந்துவிடப்பட்டன. வங்காளதேசத்தில் இருபது இலட்சம் பேருக்கு மேல் அவற்றை அடைந்தனர். மே 20ஆம் நாள் காலையில், பட்டுவாக்காலி மாவட்டத்தில், இன்னும் வராதவர்களை அழைத்து வருவதற்காகத் தொண்டர் சிலர் படகில் புறப்பட்டனர். காற்றில் படகு கவிழ்ந்தது. ஏனையோர் கரையேறினர், அவர்களுள் ஒருவர் மட்டும் மூழ்கிப்போனார். புயல் அப்போது கரையைத் தொட்டிருக்கவில்லை.