ஒரு நீதிப் பாடமும் ஒரு கடிதமும்

கலிபோர்னியாவிலுள்ள சான் ஹோசே அரசாங்க சர்வகலாசாலையின் மெய்யியல் ஆசிரியர்கள் 2013 ஏப்ரலில் ஒரு பகிரங்கக் கடிதம் வரைந்தனர். ஹார்வார்டில் நீதியைப் பற்றி விரிவுரை நிகழ்த்திப் புகழ்பெற்ற மைக்கேல் சாண்டெலுக்கே அது எழுதப்பட்டிருந்தது. படமாக்கப்பட்ட அவருடைய விரிவுரைகளை இணையவழிப் பாடமாகத் தம் மாணவருக்குப் புகட்ட அவர்கள் மறுத்துவிட்டனர். நீதியைப் பற்றிய பாடமே அநீதிக்குக் கருவியாகலாமா?

இக்கடிதத்தைப் பழைமைவாதிகளின் முணுமுணுப்பென ஒதுக்கிவிட முடியாது. சாண்டெல் தம் மண்டபத்தில் வினாத் தொடுக்கிறார். ஹார்வார்ட் மாணவர் எழுந்து விடையிறுக்கின்றனர். அவர் மறுக்கிறார், அவர்கள் மீண்டும் வாதிடுகின்றனர். அவ்விரிவுரையின் உயிரே அதுதான். சான் ஹோசேயில் பயில்வோருட் பலர் தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகச் சர்வகலாசாலைப் படியேறியவர்கள். வசதிபடைத்தோர் வாதிடுவதை அவர்கள் பார்த்திருக்கலாம், கையுயர்த்த முடியாது. ஒருவனுக்கு நீதியைப் பற்றிப் பேசும் உரிமை, மற்றவனுக்குக் கேட்கும் உரிமை மட்டும். இதிலே வர்க்கம் இல்லையென்று யார் சொல்வார்?

சிறந்த அறிஞனின் குரல் ஏழை மாணவனுக்கும் எட்டவேண்டாமா என நண்பர் சிலர் கேட்பர். எட்டத்தான் வேண்டும். நூல்நிலையம் நெடுங்காலமாகச் செய்துவரும் பணியும் அதுவேயன்றோ? ஆயினும், நூல் வந்துவிட்டதென்று ஆசிரியரை எவரும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

அதே சர்வகலாசாலை இதற்கொரு சான்றும் தந்துள்ளது. 2012 இன் பிற்பகுதியில், மின்சுற்றுப் பாடமொன்றுக்கு மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் இணைய விரிவுரைகளை மாணவர் வீட்டிலிருந்து பார்த்தனர். வகுப்புநேரம் ஆசிரியரோடமர்ந்து கணக்குச் செய்வதற்கென ஒதுக்கப்பட்டது. அவ்வகுப்பில் 91 விழுக்காட்டினர் சித்தியெய்தினர். பழைய முறை வகுப்புகளில் 60 விழுக்காட்டினர்கூடத் தேறவில்லை. 2013 தொடக்கத்தில், யுடாசிட்டி என்னும் தனியார் கம்பனியோடு சேர்ந்து வகுப்பறையே இல்லாத மூன்று கணிதப் பாடங்கள் நடத்தப்பட்டன. தவறியோர் தொகை மிகுந்தமையால் ஜூலையில் அம்முயற்சி இடைநிறுத்தப்பட்டது. மாணவர் வேறு, பாடம் வேறு. ஆகவே இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது முற்றும் பொருந்தாது. எனினும், இரண்டிலும் விரிவுரை இணையத்திலேதான் இருந்தது. ஒன்றில், தவற்றைக் கண்டு திருத்தும் ஆசிரியர் அருகிலிருந்தார்.

தூரத்திலிருந்து கற்பிப்பதே தவறென்பது எம் கட்சியன்று. சுரங்கத் தொழிலாளியின் மகளான ஜெனி லீ, அமைச்சராயிருந்து போராடி எழுப்பிய பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம், முன்தகைமை எதுவும் கேளாமல் 1971 இல் கற்பிக்கத் தொடங்கியது. வானொலியாலும் தொலைக்காட்சியாலும் அதற்குப் புகழ் வந்தது. அதன் முதுகெலும்போ, மாணவர் தபாலில் அனுப்பிய கட்டுரைகளைத் திருத்திக் குறிப்பெழுதிய பகுதிநேர ஆசிரியர்கள். (அவர்களுடைய பெயர்களை யார் அறிவார்?) பாடங்களையும் தனியொருவரிடம் விடாது, குழுவாகக் கூடி விவாதித்தே வரைந்தனர். இன்று இணையவழிப் பாடம் அமைப்போர் ஒளிப்பதிவின் மெருகைப் பற்றி நிறையப் பேசுகின்றனர். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர், ஒரு விடைத்தாளுக்கு எத்தனை நிமிடம், அந்நிமிடங்களுக்கு வேதனம் உண்டா என்பனவற்றையே முதலிற் கணக்கிடல் வேண்டும்.

பிறவிடத்து ஆசிரியரின் நிலையைக் குலைக்கத் தம் விரிவுரைகள் பயன்படுவதைத் தாம் விரும்பவில்லையெனச் சாண்டெல் பதிலளித்தார். நேர்மையான பதில்தான், ஆனால் சந்தை அவர் விருப்பத்தைக் கேட்டு நடப்பதன்று. அப்பாடத்தை வழங்கிய எட்எக்ஸ், இலாபநோக்கற்ற அமைப்பென 2012 இல் தொடங்கப்பட்டது. 2021 இல் அது டூ-யூ என்னும் கம்பனிக்கு 80 கோடி டொலருக்கு விற்கப்பட்டது. 2024 இல் அக்கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.