சிரிப்பார்களோ என்ற பயம்



அன்புக்கொடி மக்களே, திருஏடு வாசிக்க ஆள் கேட்டால் நம் பேரிகைப் பக்கத்தில் முதலில் வரும் பதில், "எனக்கு நாக்கு குழறும், வேறு யாரையாவது கூப்பிடுங்க" என்பதுதான். இங்கே பிறந்த பிள்ளைகள் தெருவில் தெலுங்கும் கன்னடமும் கேட்டு வளர்ந்தவர்கள். அகிலத்திரட்டில் விருத்தம் வந்தால் தடுமாறுவார்கள். பெரியவர்கள் சிரிப்பார்களோ என்று அஞ்சுவார்கள்.

பிள்ளைகளை மட்டும் சொல்வானேன்? முதல்முறை வாசிக்க உட்கார்ந்தபோது எனக்கும் கை நடுங்கியது. ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அன்றிரவு தூக்கத்தைக் கெடுத்தது அய்யா பட்ட பாடல்ல, முன்வரிசையில் சிரித்த ஒருவர் முகம்.

அந்தப் பயத்தை அடக்கம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். யோசித்தால் பாதி பெருமைதான். பிழையில்லாமல் வாசித்துப் பேர் வாங்கும் ஆசை.

திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட மக்கள் தலைப்பாகை கட்டக்கூடாது என்றிருந்த காலத்தில், அதைக் கட்டிக்கொண்டே வணங்க வரச் சொன்னார் அய்யா. முதன்முதலில் கட்டி நடந்தவர்களுக்குக் கேலி மட்டுமா பயம்? அடியும் விழலாம். நமக்கோ ஒரு சொல் பிசகினால் பக்கத்தில் இருப்பவர் திருத்துவார், அவ்வளவே.

பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடிதான். அதன் முன் நின்றும், பின்னால் நிற்பவர் நம்மைப் பார்க்கிறாரா என்று கண் தேடுகிறதே! என் கண்ணும் தேடியிருக்கிறது.

சாமிதோப்பில் கார்த்திகையில் 17 நாள் வாசிப்பதுபோல் நம் தாங்கலிலும் வாசிக்கப் போகிறோம். ஒருவர் குரல் போதாது. தலைப்பாகை கட்டி வாருங்கள். எழுத்து பொடி, மூக்குக்கண்ணாடியை மறக்காதீர்கள். குழறுகிற இடத்தில் நானும் சேர்ந்து வாசிக்கிறேன்.