சோறு கொடுத்தோம், இடம் கொடுத்தோமா?



விருந்தாளியின் உரிமை மூன்று நாள் என்று நபி (ஸல்) அவர்கள் வரையறுத்தார்கள். அதற்கு மேல் கொடுப்பது தர்மம். இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி மண்டபம் முகாமுக்கு மக்கள் வரத் தொடங்கியது 1983-இல். நாற்பது வருடம் தாண்டிவிட்டது. 2022-இல் அரிச்சல்முனையில் கைக்குழந்தையோடு வந்து இறங்கியவர்களையும் பார்த்தோம். மூன்று நாள் கடந்தவரை இன்னும் எப்படி விருந்தாளி என்பது? அவர் அண்டை வீட்டார் இல்லையா?

ஒரு கால்பந்து அணியைப் பற்றிச் சொல்கிறேன். ஜுமுஆவில் பந்து எதற்கு என்று கேட்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கிளார்க்ஸ்டன் என்று ஒரு சிற்றூர். 1990-களிலிருந்து போஸ்னியா, சூடான், லைபீரியா, ஆப்கானிஸ்தான் என்று பல நாட்டு அகதிகளை அங்கே குடியமர்த்தினார்கள். 2004-இல் ஜோர்டானில் பிறந்த லூமா முஃப்லே என்ற பெண் வழி தவறி அந்த ஊருக்குள் போனார். சிறுவர்கள் இரண்டு கற்களைக் கோலாக வைத்து, பிய்ந்த பந்தை வெறுங்காலில் உதைத்துக்கொண்டிருந்தார்கள். காசு கட்டிச் சேரும் கிளப்புகளுக்குப் போக அவர்களுக்கு வசதி இல்லை. அந்தப் பிள்ளைகளை 'ஃப்யூஜீஸ்' என்ற அணியாகத் திரட்டினார். சேருகிறவன் கையெழுத்துப் போட வேண்டும்: புகை கூடாது, போதை கூடாது, நேரத்துக்கு வர வேண்டும். பயிற்சியோடு டியூஷனும் உண்டு. உதவி கேட்கத் தயங்கக் கூடாது என்பதும் ஒரு நிபந்தனை. முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்று நினைக்கிறேன்.

2006-இல் அந்த ஊர் மேயர், பூங்கா மைதானத்தில் இந்த ஆட்டம் கூடாது, அது பேஸ்பாலுக்கு உரியது என்றார். பிள்ளைகள் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னால் சரளைக் கல்லிலும் கண்ணாடிச் சில்லிலும் ஓடினார்கள். பின்னர் நகர்மன்றம் அனுமதித்தது. ஊர் கண்முன்னே மாறியபோது பழைய குடிகளை யாரும் கலந்துகொள்ளவில்லை, அந்த வருத்தமும் நியாயம்தான். ஆனால் அகதிகளுக்கு உணவும் துணியும் கொடுத்ததில் எழாத சண்டை, மைதானம் என்றதும் எழுந்தது.

மதீனாவில் ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) தம் சொத்தில் பாதியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குக் கொடுக்க முன்வந்தார்கள். அவரோ பரக்கத்துக்கு துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே என்று கேட்டார். கைனுகா சந்தையைக் காட்டினார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுச் சம்பாதித்தார், சில நாளில் அன்ஸாரிப் பெண்ணையே மணமுடித்தார். அவருக்குத் தேவைப்பட்டது நிற்க ஓர் இடம். சூரத்துல் ஹஷ்ரின் 9-ஆவது வசனம் அன்ஸார்களைப் புகழும்போது கொடுத்த கையை மட்டும் சொல்லவில்லை. வந்தவர்களுக்குக் கிடைத்ததைப் பார்த்துப் புழுங்காத நெஞ்சையும் சொல்கிறது. கை நம்மிடம் தாராளம், ரமலானில் நோன்புக் கஞ்சி யாருக்கும் மறுப்பதில்லை. நெஞ்சைப் பற்றித்தான் பேச்சு.

சிலர் மனதில் ஒரு கேள்வி இருப்பது எனக்குத் தெரியும். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் கெடு வைத்து விரட்டினார்களே, அந்த மண்ணின் மக்களுக்கா நாம் இடம் கொடுப்பது? விரட்டியது ஆயுதம் ஏந்திய இயக்கம். நம் கரையில் இறங்கியவர்கள் அதே போரில் வீடு இழந்தவர்கள். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை என்பது நம் தீனின் அடிப்படை. விரட்டப்பட்ட நம் மக்களைப் புத்தளம் பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டு ஏற்றது. ஆனால் காணி, கூலி, பள்ளிக்கூட இடம் என்று வந்தபோது அங்கும் உரசல் வந்தது. அங்கேயே பிறந்த பிள்ளையையும் அகதி என்றார்கள். கொடுத்தவனும் கலிமா சொன்னவன், வாங்கியவனும் கலிமா சொன்னவன். ஆகவே இதை மதக் கணக்கில் தீர்க்க முடியாது.

1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவர் குடியுரிமை பெற, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் முகாமில் பிறந்து, முகாமிலேயே கல்யாணம் முடித்தவர்களில் பலர் இன்றும் அகதிதான். அந்தச் சட்டத்தை இந்த மிம்பரிலிருந்து மாற்ற முடியாது. மைதானம் நம் கையில் இருக்கிறது. நம் இளைஞர்கள் அடுத்து டோர்னமென்ட் நடத்தும்போது முகாம் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். 'கேம்ப் டீம்' என்று தனியாக நிறுத்தாதீர்கள், நம் அணிகளிலேயே சேருங்கள். நுழைவுக் கட்டணம் ஜமாஅத் பொறுப்பு, நிர்வாகிகளிடம் நான் பேசுகிறேன். ஜெர்ஸியில் எல்லோருக்கும் ஊர்ப் பெயர் ஒன்றே இருக்கட்டும்.