காலணிக்குள் விழுந்த இதழ்

டோக்கியோவின் உவேனோ பூங்காவில் ஏப்ரல் தொடக்கத்து நண்பகல். சகுரா மரத்தடியில் விரித்திருந்த நீலத் தார்ப்பாயின் ஓரத்தில் பத்துப் பதினைந்து ஜோடிக் காலணிகள் வரிசையாக இருந்தன. அலுவலகத்துக்குப் போடும் கறுப்பு ஷூக்கள், நடுவே ஒரு குழந்தையின் சிவப்புச் செருப்பு. எல்லாவற்றுக்குள்ளும் இரண்டு மூன்று இதழ்கள் விழுந்து கிடந்தன. காலணிக்கு உரியவர்களோ குச்சியில் கோத்த மூவண்ண மாவுருண்டைகளைத் தின்றபடி உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் அண்ணாந்து பார்க்கவே இல்லை.

எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. சகுரா நிலையாமையின் பூ என்று படித்துவிட்டுப் போனவன் நான். மலர்ந்தால் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அதன் கீழே அமர்ந்து வாழ்வின் முடிவை எண்ணும் மனிதர்களைத் தேடினேன். 'பூவைவிட உருண்டையே மேல்' என்று அவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

இன்று யோசித்தால், அந்தத் தார்ப்பாய்க்காரர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது.

உதிர்வதை மட்டும் போற்றினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்த நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், சகுராவைப் போல அழகாக உதிருங்கள் என்று இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1944-இல், விமானியோடு சேர்ந்து எதிரிக் கப்பலில் மோதி வெடிப்பதற்கென்றே செய்த விமானத்துக்கு 'ஓகா' என்று பெயர் வைத்தார்கள். சகுரா மலர் என்று பொருள். ஒரு பூவின் மேல் இதைவிடப் பெரிய பாவத்தை ஏற்ற முடியாது.

தார்ப்பாயில் நான் கண்டது ஹனாமி, அதாவது பூப்பார்த்தல். நெடுங்காலம் அது அரண்மனைக்காரர்களின் விருந்து. 18-ஆம் நூற்றாண்டில் ஷோகன் யொஷிமுனே அசுகாயாமா குன்றில் மரங்களை நடச்செய்து சாதாரண ஜனங்களுக்கு வழிவிட்டார். ஊரே சோற்றுப்பெட்டியோடு கிளம்பியது. சாவை நினைக்கவா போனார்கள்? கூடி உட்காரப் போனார்கள். பூ காத்திருக்காது, அதனால் வேலையை ஒத்திவைத்தார்கள். நாமோ வேலையை வைத்துக்கொண்டு மனிதர்களை ஒத்திவைக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று ஜப்பானெங்கும் பெரும்பாலும் பூப்பது சோமெய் யொஷினோ வகை. விதை போட்டால் அதே மரம் வராது. ஒட்டுக்கட்டித்தான் பெருக்க முடியும். ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் ஒரு மனிதக் கை இருக்கிறது. இவ்வகை மரத்தின் ஆயுள் அறுபது ஆண்டு என்பார்கள். சகுராவை வெட்டுபவன் முட்டாள் என்றும் ஒரு பழமொழி உண்டு. வடக்கே ஆவோமோரி ஆப்பிள் விளையும் சீமை. அங்குள்ள ஹிரோசாகி கோட்டைப் பூங்காவின் பராமரிப்பாளர்கள் அந்தப் பழமொழிக்கு அஞ்சவில்லை. ஆப்பிள் மரத்துக்குச் செய்யும் கவாத்தைச் சகுராவுக்கும் செய்தார்கள்; பட்ட கிளையை நீக்கி வேருக்கு உரமிட்டார்கள். பூ உதிர்வதை அவர்களால் நிறுத்த முடியாது. மரத்தைச் சாக விடாமல் பார்த்துக்கொள்ள முடிந்தது.

அந்தக் கோட்டையில் 1882-இல் நட்ட மரம் இன்றும் வசந்தம்தோறும் பூக்கிறது.